புதன்கிழமை அடக்கம்

பிரையர்வில், மிசிசிப்பி
14 செப்டம்பர் 1986, ஞாயிறு

மகா கனம் பொருந்திய டாக்டரம்மா ரெனீட்டா மேப்ரி அவர்களுக்கு, தாய்மாமன் கிளியோஃபஸ் டேட் எழுதுவது.

நீ பஸ் ஏறி மூன்று வாரமாகிறது. ஊர் இன்னும் அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறது. இன்று சபை வாசலில் ‘நம் கல்லூரிப் பிள்ளைகள்’ பலகையில் உன் படத்தை மாட்டினார்கள். மொத்தம் நான்கு படம். உன்னுடையது நடுவில் இருக்கிறது. நடுவில் மாட்டியது போதகர் அல்ல, நான். எல்லோரும் ஜெபத்தில் கண் மூடியிருந்த நேரத்தில் காரியத்தை முடித்தேன். லவீனியா கிரம்ப்பின் மகன் டெரன்ஸ் மூலைக்குப் போய்விட்டான். அவன் முகத்துக்கு மூலை போதும்.

பிறகு எழுந்து நான்கு வார்த்தை பேசினேன். பத்தாயிரம் பேர் மனுப்போட்டு, அதில் உன் ஒருத்தியைத்தான் விஸ்கான்சின்காரர்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள் என்றேன். எண்ணிக்கை சற்று முன்பின் இருக்கலாம். லவீனியா விடவில்லை.

“ஏன் கிளியோ, உன் மருமக இன்னும் ஒரு பரீட்சைகூட எழுதல. அதுக்குள்ள டாக்டராக்கிட்டியா?”

“எழுதினப்புறம் சொன்னா அது செய்தி லவீனியா. முன்னாடியே சொன்னா அதுதான் விசுவாசம்” என்றேன். போதகரே குலுங்கிச் சிரித்துவிட்டார்.

வழக்கம் உனக்குத் தெரியும். படிக்கப் போன பிள்ளையின் கடிதத்தை மாதத்தில் ஒரு ஞாயிறு பலிபீடத்தின் முன் நின்று வாசிக்க வேண்டும். வாசிக்கப்போவது நான். ஆகவே வாசிக்கத் தகுந்த மாதிரி எழுது. இரண்டு மூன்று பெரிய வார்த்தை இருந்தால் நல்லது.

அடக்க நிலையத்தில் எல்லாம் வழக்கம் போலத்தான். முதலாளி பெயருக்குத்தான் முதலாளி. சவ வண்டி ஓட்டுவதும், செத்தவர் வாழ்க்கைக் கதையோடு அடக்க ஆராதனைப் புத்தகம் எழுதி அச்சடிப்பதும் நான். இந்த வட்டாரத்தில் பத்தொன்பது வருடமாக ஒருவனும் என் எழுத்து இல்லாமல் மண்ணுக்குள் போனதில்லை. உன் அம்மா எர்லீன் மீன் ஆலையில் கெளுத்தி வெட்டிக்கொண்டே சிரிக்கிறாளாம். பக்கத்தில் நிற்பவர்கள் பயப்படுகிறார்கள்.

உன் மாமன்,
கிளியோஃபஸ் டேட்


விஸ்கான்சின், மாணவியர் விடுதி, அறை 417
5 அக்டோபர் 1986

மாமாவுக்கு,

இதைச் சபையில் வாசிக்காதீர்கள். வாசிப்பதற்கென்று தனித்தாளில் எட்டு வரி எழுதி வைத்திருக்கிறேன். அதை மட்டும் வாசியுங்கள்.

உறையின் மேல் ‘டாக்டரம்மா’ என்று எழுதாதீர்கள். கீழே தபால் பிரிக்கும் பெண் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வேதியியல் வகுப்பில் முந்நூற்றுப் பத்துப் பேர் இருக்கிறோம். என்னையும் சேர்த்து நம் கறுப்பினப் பிள்ளைகள் இரண்டு பேர். அவன் முன் வரிசையில் உட்காருவான், நான் பின்னால். எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருக்கும். வகுப்பு நிறைந்தால் படியில் உட்காருவார்களே தவிர, என் பக்கத்தில் வர மாட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் இரண்டிரண்டு பேராகச் சேரச் சொன்னார்கள். யாரும் சேராததால் ஆசிரியர் என்னை ஒரு ஜோடியோடு மூன்றாவது ஆளாக விட்டார். அவர்கள் என்னைக் குழாய் கழுவ விடுகிறார்கள். நம் பள்ளியில் ஆய்வுக்கூடம் இல்லை என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. நான் எதைத் தொட்டாலும் பார்க்கிறார்கள்.

முதல் பரீட்சையில் நூற்றுக்கு முப்பத்தொன்று.

அறைத்தோழி மூன்றாம் நாளே வேறு அறை மாற்றிக்கொண்டாள். என் தலை எண்ணெய் வாசனை ஆகவில்லையாம்.

இங்கே நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அலுவலகம் உண்டு. கொதிகலன் அறைக்குப் பக்கத்தில், அடித்தளத்தில். திருமதி அல்பெர்ட்டா ஸ்டோவல் என்று ஒருவர், டெட்ராய்ட்டுக்காரர், ஒற்றை ஆள். எங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அவர்தான் வழித்துணை. திங்கட்கிழமைதோறும் வந்து கதவைத் தட்டுகிறார். நான் திறக்காவிட்டால் அடியில் சீட்டுத் தள்ளிவிட்டுப் போகிறார். ‘ரெனீட்டா, சூப் வைத்திருக்கிறேன். வா.’ நான் இன்னும் போகவில்லை. அந்தப் படியில் யார் இறங்குகிறார்கள் என்று மேலே நிற்பவர்கள் பார்ப்பார்கள். இறங்கினால், இவளால் இங்கே படிக்க முடியாது என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

நம் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனது நீங்கள் ஒருவர்தான். அதனால் கேட்கிறேன் மாமா. உங்களுக்குப் புரியாதபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?

ரெனீட்டா


பிரையர்வில்
12 அக்டோபர் 1986

டாக்டரம்மாவுக்கு (உள்ளே எழுதலாம் அல்லவா?),

உன் எட்டு வரியை வாசித்தேன். எட்டு வரியை வைத்துக்கொண்டு ஒரு சபையை எப்படித் திருப்திப்படுத்துவது? கொஞ்சம் மாவு சேர்த்துப் பிசைந்தேன். வேதியியல் ஆசிரியர் வகுப்பு முடிந்ததும் உன்னைத் தனியே நிறுத்திச் சந்தேகம் கேட்கிறார் என்றேன். கைதட்டல் கூரைக்கு எட்டியது. எர்லீன் கைக்குட்டையை எடுத்துவிட்டாள். டெரன்ஸ் கடிதமே எழுதவில்லையாம். லவீனியா பாட்டுப் புத்தகத்தை விட்டுத் தலை தூக்கவில்லை.

முப்பத்தொன்று தொடக்கத்துக்கு நல்ல எண். ஏறுவதற்கு இடம் இருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்று கேட்டாய். 1951-இல் நான் கல்லூரி வாசலில் நுழைந்தபோது என் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் போட்டி போட்டார்கள். முதல் வாரமே கணக்கு வாத்தியார் கரும்பலகையில் திணறி நின்றார். சாக்குக்கட்டியை அவர் கையிலிருந்து வாங்கி மூன்றே வரியில் முடித்துக் கொடுத்தேன். எட்டே வாரத்தில் அவர்களிடம் கற்றுக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. கல்லூரித் தலைவரே ரயிலடி வரை வந்து, “தம்பி, உன்ன வெச்சுக்க எங்களுக்குத் தகுதியில்ல” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதனால்தான் திரும்பினேன். ஊருக்கே தெரிந்த கதை, உனக்குத் தெரியாதா?

அந்த டெட்ராய்ட்டுக்காரியிடம் போகாதே. டேட் குடும்பத்து இரத்தம் எவர் படியிலும் இறங்கியதில்லை. அவள் சூப்பு நம் வீட்டுச் சூப்புக்கு ஈடாகாது. இத்துடன் டீ கேக்கும் பீக்கன் கொட்டையும் அனுப்பியிருக்கிறேன். கொட்டையை நானே உடைத்தேன். எர்லீன் தான் உடைத்ததாகச் சொல்வாள், நம்பாதே.

தலை நிமிர்ந்து நட.

கிளியோஃபஸ் மாமன்


அறை 417
20 நவம்பர் 1986

மாமா,

டீ கேக் தீர்ந்து நான்கு நாளாகிறது. அதைத் தவிர வேறொன்றும் சாப்பிடவில்லை. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

நவம்பர் மூன்றாம் தேதி காலையில் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கால் மட்டும் தரைக்குப் போகவில்லை. நான்காம் தேதி உயிரியல் பரீட்சை, ஐந்தாம் தேதி வேதியியல். இரண்டு நாளும் கோட்டைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தேன். கோட்டைக் கழற்றாமலே படுத்துவிட்டேன். இரண்டு வாரம் வகுப்புக்கே போகவில்லை. யாரும் கேட்கவில்லை. முந்தாநாள் கடைக்குப் போய் ஒரு சூயிங்கம் வாங்கினேன். தேவைப்பட்டு வாங்கவில்லை. யாரிடமாவது வாய் திறந்து பேச வேண்டியிருந்தது. “பை வேணுமா?” என்று கேட்டான். “வேணாம்” என்றேன். ஒன்பது நாளில் நான் பேசிய ஒரே வார்த்தை அது.

இன்று கடிதம் வந்தது. டிசம்பர் ஐந்துக்குள் தக்க காரணம் காட்டாவிட்டால் இந்தப் பருவத்தோடு வெளியே. உதவித்தொகையும் போகும். பதினாறாம் தேதி முறையீட்டுக் குழு கூடுகிறது. காரணங்களை அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். ஒன்று, நோய், மருத்துவர் சான்றுடன். இரண்டு, குடும்பத்தில் மரணம், அத்தாட்சியுடன். எழுந்திருக்க முடியவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை.

நான் என்ன முகத்தோடு வருவேன்? பலகையின் நடுவில் படம் இருக்கிறது. நீங்கள் எட்டு வாரத்தில் முடித்ததை என்னால் எட்டு வாரம் தாங்கக்கூட முடியவில்லை. ஜன்னலைத் திறந்து கீழே பார்த்துக்கொண்டே நிற்கிறேன். பிறகு குளிருக்குப் பயந்து மூடிவிடுகிறேன். குளிருக்காவது பயமிருக்கிறதே என்று நினைத்துக்கொள்கிறேன்.

உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. சொல்வதற்கு வேறு யாரும் இல்லை.

ரெனீட்டா


பிரையர்வில்
25 நவம்பர் 1986

ரெனீட்டா கண்ணு,

ஜன்னலை மூடு. மூடிவிட்டு மேலே படி. நேற்று மதியமே நிலையத்திலிருந்து உன் விடுதி வராந்தாவுக்குப் போன் போட்டேன். யாரோ எடுத்து, “அந்தப் பேர்ல யாரும் இல்ல” என்று வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன். மறுபடி வைத்தாள். அப்புறம்தான் மாமன் மூளையைக் கசக்கினேன்.

மரணம் வேண்டுமாம், அத்தாட்சி வேண்டுமாம். யாரிடம் கேட்கிறார்கள்? இத்துடன் இருக்கிறது பார், அடக்கப் புத்தகம், ஆறு பக்கம், வழவழப்பான தாள். முதலில் யாரைச் சாகடிப்பது என்று யோசித்தேன். எர்லீன் பெயரை அச்சுக் கோக்கக் கை போகவில்லை. மற்றவர்களுக்கு என்னால் கெடுதி வந்துவிடக் கூடாது. அதனால் நானே செத்துவிட்டேன். நவம்பர் மூன்று, திங்கட்கிழமை, விடியற்காலை, தூக்கத்தில், முகத்தில் புன்னகையோடு. ஐந்தாம் தேதி அடக்கம். உன் இரண்டு பரீட்சையும் கச்சிதமாக உள்ளே வந்துவிட்டன.

நானே சொல்லக் கூடாது, ஆனால் என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல புத்தகம் எழுதியதில்லை. அட்டையில், சபைக்குப் போடும் வெள்ளைக் கோட்டோடு என் படம். உள்ளே, கொரியப் போரில் மூன்று பதக்கம் (உருளைக்கிழங்கு உரித்ததற்கும் கொடுத்திருக்க வேண்டியதுதான்), கல்லூரிப் பட்டதாரி, கணித மேதை, ஏழைகளின் தோழன். சவப்பெட்டி தூக்குவோர் பட்டியலில் லவீனியாவின் அண்ணனைப் போட்டேன். நான் உயிரோடிருந்தவரை எனக்கு ஒரு துரும்பைத் தூக்கித் தந்ததில்லை, இப்போதாவது தூக்கட்டும். கடைசிப் பக்கத்தில், ‘அன்னார் விட்டுச்சென்றவர்கள்: ஒரு தங்கை, ஒரு மருமகள்.’ அந்த வரியைக் கோத்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. இரண்டு தரம் வாசித்தேன், இரண்டு தரமும் அழுதேன். இப்படி ஒரு மனிதன் போய்விட்டானே என்றிருந்தது.

இதைக் கொண்டுபோய்க் கல்லூரி அலுவலக ஜன்னலில் கொடு. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள், அது போதும். எர்லீனுக்கு நான் செத்தது தெரியாது.

ஏதாவது சாப்பிடு. இது மாமன் கட்டளை. செத்தவன் சொல்லைத் தட்டக் கூடாது.

கிளியோஃபஸ்


அறை 417
3 டிசம்பர் 1986

மாமா,

கொடுத்துவிட்டேன். கிழித்துப் போட எடுத்து, இரண்டு தரம் மடித்து, திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னலில் இருந்தவர் அட்டையைப் பார்த்து, “பாவம், நல்லா இருந்திருக்காரு” என்று முத்திரை வைத்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு பிரதி அடித்தளத்துக்குப் போய்விட்டது. நம் பிள்ளைகள் விவரம் எதுவானாலும் அங்கே போகுமாம்.

நேற்று மாலை கதவு தட்டப்பட்டது. திருமதி ஸ்டோவல், கையில் பெரிய பாத்திரம். பின்னால் பதினொரு பேர், எல்லோரும் நம் பிள்ளைகள். பாதிப் பேரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆளுக்கொன்று கொண்டுவந்திருந்தார்கள். கீரை, பன்றித் தொடை, மக்காச்சோள ரொட்டி. துக்க வீட்டுக்கு வருவது போல அந்தச் சின்ன அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். வேதியியல் வகுப்பில் முன் வரிசையில் உட்காரும் அந்தப் பையன், பெயர் லமார் டூலி, என் கட்டிலில் உட்கார்ந்து, “உன்ன எத்தனை தடவை திரும்பிப் பாத்தேன் தெரியுமா? நீ தலையே தூக்க மாட்டே. பெரிய இடத்துப் பொண்ணு போலன்னு நெனச்சேன்” என்றான்.

சாப்பிட்டேன் மாமா. பிறகு அழுதேன். அவர்கள் உங்களுக்காக அழுகிறேன் என்று நினைத்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை வாரத்தில் என்னை யாரும் தொட்டதே அப்போதுதான். அதுவும் ஒரு பொய்க்காக.

திருமதி ஸ்டோவல் புத்தகத்தை ஆறு பக்கமும் விடாமல் படித்தார். நிறுத்தி, “இந்த மனுஷன பாக்க முடியாம போச்சே” என்றார். பதினாறாம் தேதி குழுவில் எனக்காக அவரே பேசப்போகிறாராம். அவர் அலுவலகத்தை மூடிவிடப் பார்க்கிறார்கள் என்று லமார் சொன்னான். பொய் வெளிப்பட்டால் நான் மட்டும் போக மாட்டேன், அவரும் போவார், இந்தப் பதினொரு பேரும் இறங்க ஒரு படி இல்லாமல் போகும்.

இன்னொன்று. துக்கம் விசாரிக்க அடக்க நிலையத்துக்குப் போன் செய்யப் போவதாகச் சொன்னார். நம்பர் புத்தகத்தின் பின்னட்டையில் நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். தயவுசெய்து நீங்கள் எடுக்காதீர்கள். முதலாளியையும் எடுக்க விடாதீர்கள்.

என்ன செய்வது மாமா?

ரெனீட்டா


பிரையர்வில்
6 டிசம்பர் 1986, சனி

ரெனீட்டா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. போன் நேற்றே வந்துவிட்டது. எடுத்தது நான். எடுத்ததும் வழக்கப்படி, “டேட் பேசறேன்” என்று சொல்லிவிட்டேன்.

“எந்த டேட்?” என்றாள் அந்த அம்மாள்.

“தம்பிங்க. செத்தவரோட தம்பி.”

“புத்தகத்துல ஒரு தங்கச்சி, ஒரு மருமகதானே இருக்கு?”

“விட்டுப்போச்சுங்க. அச்சுப் பிழை.”

“ஓ. அண்ணன் எப்படிப்பட்டவரு?”

இங்கேதான் நான் கெட்டேன். அப்படி ஒருத்தர் கேட்டால் நான் என்ன செய்வேன்? கால் மணி நேரம் என்னைப் பற்றிச் சொன்னேன். பதக்கம், கணக்கு வாத்தியார், ரயிலடி, எல்லாம். அவள் குறுக்கிடவே இல்லை. முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்.

“சரிங்க. திங்கக்கிழமை செத்தவர புதன்கிழமையே ஏன் அடக்கம் பண்ணீங்க?”

“அது வந்துங்க...” என்று இழுத்தேன்.

“நான் டெட்ராய்ட்ல பொறந்தவதான். ஆனா எங்க அம்மா அப்பா அலபாமா. நம்ம ஆளுங்கள யாராவது மூணாம் நாள் பொதச்சுப் பாத்திருக்கீங்களா? வடக்க வேலைக்குப் போன சொந்தமெல்லாம் சிகாகோலேர்ந்து வர வேணாமா? பெரியப்பா மகன் லீவு சொல்லி, வண்டி புடிச்சு வர வேணாமா? பெட்டிய எட்டு நாள் வெச்சிருந்து சனிக்கிழமை எடுப்பாங்களே தவிர, புதன்கிழமை யாரு மண்ணு போட்டா? அந்த ஜன்னல்ல இருக்கிற வெள்ளைக்காரங்களுக்கு இது தெரியாது. எனக்குமா தெரியாது? செத்தவரே, நீங்கதானே பேசறது?”

“ஆமாம்மா” என்றேன்.

பத்தொன்பது வருடம் சவ வண்டி ஓட்டியவன். சிகாகோ வண்டிக்காகக் கல்லறை வாசலில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தவன். உன் பரீட்சைத் தேதிக்குள் என்னை அடக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அதைப் போய் மறந்திருக்கிறேன்.

அவள் திட்டவில்லை. “என் மேசையில இது மாதிரி பதினாலு புத்தகம் இருக்கு. அதுல ஏழு பேரு இன்னும் நல்லா இருக்காங்க. எங்க பிள்ளைங்களுக்குச் சாவு ஒண்ணுதான் காரணம்னு அச்சடிச்சு வெச்சிருக்காங்க, என்ன செய்வாங்க? ஆனா இத நான் குழு முன்னாடி கொண்டுபோய் வைக்க மாட்டேன். அந்தப் பொண்ணு ஏன் எழுந்திருக்கல, அத சொல்லுங்க. அத மட்டும்.”

வாயில் மூன்று கதை வந்தது. மூன்றையும் விழுங்கினேன். பிறகு சொன்னதை உனக்கும் சொல்லிவிடுகிறேன்.

1951-இல் என் பெட்டியை யாரும் தூக்கவில்லை. அட்டைப் பெட்டி, மழையில் அடி பிய்ந்து, துணியெல்லாம் வாசலில் கொட்டியது. கணக்கு வாத்தியார் என்னைக் கூப்பிட்டது உண்மை. சாக்குக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வகுப்பு முடியும்வரை பலகை முன் நின்றேன். ஒரு வரிகூட எழுதவில்லை. மறுநாள் படுத்தேன். எழுந்திருக்கவில்லை. அது நம் ஆட்கள் கல்லூரிதான், எல்லாம் நம் முகம்தான். ஆனாலும் எங்கள் ஊரிலிருந்து போனவன் நான் ஒருவன். எட்டாவது வாரம் என் கட்டிலை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ரயிலடிக்கு யாரும் வரவில்லை. ரயில் ஊர் வந்து சேர்வதற்குள் மீதிக் கதையை நான் உண்டாக்கிவிட்டேன்.

“அந்த எட்டு வாரத்துல யாராவது கதவத் தட்டினாங்களா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா.”

“நான் அவ கதவ ரெண்டு மாசமா தட்டறேன்” என்றாள். “தெறக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?”

“நான்தாம்மா” என்றேன்.

பதினாறாம் தேதி நான் வருகிறேன். நிலையத்தில் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் இருபத்து மூன்று மணி நேரமாம். செத்தவனே வந்து நின்றால் யாரும் உன்னைப் பொய்க்காரி என்று சொல்ல முடியாது, என்னைத்தான் சொல்வார்கள். எனக்கு அது பழக்கம்.

கிளியோஃபஸ்


அறை 417
10 டிசம்பர் 1986

வராதீர்கள்.

பதினெட்டு வருடம் அந்தச் சாக்குக்கட்டிக் கதையைக் கேட்டு வளர்ந்தேன். கட்டில் விளிம்பில் கோட்டோடு உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அதைத்தான் நினைத்தேன். மாமாவுக்கு மூன்று வரியில் வந்தது எனக்கு ஏன் வரவில்லை, என்னிடம்தான் ஏதோ குறை, அதை யாருக்கும் தெரியாமல் மறைக்க வேண்டும் என்று. நீங்களும் படுத்துக் கிடந்தீர்கள் என்று அக்டோபரில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஒரே ஒரு வரி. நான் கேட்டேனே மாமா. எழுதிக் கேட்டேனே.

புத்தகத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். பெட்டியும் கட்டிவிட்டேன். பதினேழாம் தேதி பஸ். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பலகையிலிருந்து படத்தை எடுத்துவிடுங்கள்.

ரெ.


திருமதி ஸ்டோவல் வீடு, விஸ்கான்சின்
19 டிசம்பர் 1986

மாமா,

வராதீர்கள் என்று எழுதியும் பதினாறாம் தேதி வந்து நின்றீர்கள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? அந்தக் குளிருக்கு அந்த வெள்ளைக் கோட்டையா போட்டுக்கொண்டு வருவார்கள்? ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வந்ததால்தான் குழுவினர், நான் ஜன்னலில் கொடுத்த புத்தகத்தின் அட்டையையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “செத்தது நான்தாங்க. அவ எழுதல, நான்தான் எழுதினேன்” என்று நீங்கள் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாங்க முடியவில்லை. கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. ஆனால் பதக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்களை வெளியே அனுப்பிய பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அந்தத் தாடிக்காரப் பேராசிரியர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, “அப்போ இந்தப் பட்டமும் பொய்யா?” என்று கேட்டார். திருமதி ஸ்டோவல் எழுந்து, “எட்டு வாரம் இருந்திருக்காரு. யாரும் கதவத் தட்டல. மிச்சத்த அவரே எழுதிக்கிட்டாரு. இந்தப் பொண்ணும் அப்படி எழுதிக்க வேண்டி வரக் கூடாதுன்னுதான் நான் இங்க நிக்கறேன்” என்றார். அதன் பிறகு யாரும் பக்கத்தைத் திருப்பவில்லை.

பதினேழாம் தேதி பஸ்ஸில் நான் ஏறவில்லை. நேற்றுத் தீர்ப்பு வந்தது. பொய் அத்தாட்சி கொடுத்தது என் பதிவேட்டில் இருக்கும், எப்போதும். இரண்டு பரீட்சையும் ஜனவரி ஏழாம் தேதி மறுபடி எழுதலாம். தேறினால் இருக்கலாம். தேறாவிட்டால் அன்றே அறையைக் காலி செய்ய வேண்டும். உதவித்தொகை அதுவரை நிறுத்தம்.

விடுதியை விடுமுறைக்குப் பூட்டிவிட்டார்கள். திருமதி ஸ்டோவல் வீட்டில் லமாரும் நானும் இன்னும் இரண்டு பேரும் இருக்கிறோம். அவனும் முதல் பரீட்சையில் முப்பத்தெட்டுதான் வாங்கினானாம். சாப்பாட்டு மேசையில் காலை முதல் கணக்குப் போடுகிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது. சில காலைகளில் இன்னும் கால் தரைக்குப் போக மறுக்கிறது. திருமதி ஸ்டோவல் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார். உள்ளே வர மாட்டார். நான் திறக்கும்வரை நிற்பார்.

வருடத்தின் கடைசி ஞாயிறு நீங்கள் சபைக்குப் போவீர்கள். இந்த முறை தனித்தாள் வைக்கவில்லை. வாசிப்பதானால் இதை வாசியுங்கள். மாவு சேர்க்காமல்.

ரெனீட்டா


பிரையர்வில்
28 டிசம்பர் 1986, ஞாயிறு

ரெனீட்டாவுக்கு,

வாசித்தேன்.

முதலில் நான்கு நாள் பயிற்சி எடுத்தேன். நடுவில் நல்ல நல்ல வரிகளெல்லாம் வந்து மோதின. இடுப்பளவு பனி என்று போடலாமா என்று தோன்றியது. பனி கணுக்கால் அளவுதான் இருந்தது. கணுக்கால் என்று எழுதுகிறேன் பார், கை வலிக்கிறது.

நின்று வாசித்தேன். புத்தகம், நான் செத்தது, முப்பத்தொன்று, பதிவேடு, ஜனவரி ஏழு. பிறகு என் 1951-ஐயும் சொன்னேன். சாக்குக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன். ஒருவரும் கை தட்டவில்லை. எர்லீன் என்னைப் பார்த்த பார்வைக்கு நிஜமாகவே செத்திருக்கலாம். முப்பத்தைந்து வருடம் நான் தூக்கி நிறுத்திய கிளியோஃபஸ் டேட் அங்கே எல்லோர் முன்னாலும் விழுந்து கிடந்தான். தூக்க ஆளில்லை. என் காலில் நடந்து போய் உட்கார்ந்தேன்.

லவீனியா எழுந்தாள். ஏதாவது குத்துவாள் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். கைப்பையைத் திறந்து ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்தாள்.

“டெரன்ஸ் எழுதலன்னு பொய் சொன்னேன்” என்றாள். “வாரா வாரம் எழுதறான். உன் மருமக எழுதினதேதான். சாப்பிடலம்மா, எழுந்திருக்க முடியலம்மான்னு. இத எப்படி இங்க நின்னு வாசிக்கிறதுன்னு பையிலயே வெச்சிருக்கேன். கிளியோ, அந்த டெட்ராய்ட்டம்மா மாதிரி அவன் கல்லூரியில யாராவது இருக்காங்களா? கேட்டுச் சொல்றியா?”

கடிதக் கட்டை என் பக்கம் நீட்டினாள். நான் போய் வாங்கிக்கொண்டேன். திருமதி ஸ்டோவலிடம் கேட்டு எழுது. உடனே எழுது. டெரன்ஸ் விடுமுறைக்கும் வரவில்லையாம், காரணம் சொல்லவில்லையாம். ஆள் இல்லை என்றால் அதையும் எழுது. உன் பதில் வரும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை; சவ வண்டி நாளை ஓய்வில் இருக்கிறது, டெரன்ஸ் கல்லூரிக்குப் பத்து மணி நேரத்தில் போய்விடலாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். சவ வண்டியில் போய் அவன் கதவைத் தட்டினால் பயந்துவிடுவான் என்கிறாள் லவீனியா. தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து போவேன் என்றேன்.

உன் படத்தைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை. நடுவிலிருந்து எடுத்து டெரன்ஸ் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

ஜனவரி ஏழாம் தேதி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தேறிவிடுவாய் என்று எழுத வாய் துடிக்கிறது. தெரியாததை எழுத மாட்டேன். தேறாவிட்டால் பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். அது தெரியும். பஸ்ஸில் திரும்பி வரும்போது இல்லினாய் மாநிலம் முழுவதும் அழுதேன். இதில் மாவு இல்லை.

கடைசியாக ஒன்று. அந்தப் புத்தகம் திருமதி ஸ்டோவல் மேசையிலேயே இருக்கட்டும். உண்மையாகவே வேண்டிவரும் நாளில் நீதான் அதைத் திருத்த வேண்டும். பட்டதாரி என்பதை அடித்துவிட்டு, எட்டு வாரம் என்று போடு. பதக்கங்களை எடுத்துவிடு. வெள்ளைக் கோட்டு இருக்கட்டும். பெட்டி தூக்க லவீனியாவின் அண்ணனும் இருக்கட்டும். அடக்கத்தை மட்டும் சனிக்கிழமைக்கு மாற்றிவிடு. சிகாகோக்காரர்கள் வந்து சேரட்டும்.

உன் மாமன்,
கிளியோஃபஸ்